ஒரு சொட்டு அமோனியா

அக்காவின் நோய் முதலில் என் மச்சானுக்குத்தான் அடி வாங்கிக்கொடுக்கப் பார்த்தது. அடிக்கப் போனவன் நான்.

யட்டியாந்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில் அக்கா பால் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் அதே தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் பால் அளந்து வாங்குகிறவன். பெண்கள் வெட்டிய பாலை வாளி வாளியாகக் கொண்டுவந்து வரிசையில் நிற்பார்கள். நான் ஒரு கண்ணாடிக் குழலை அதில் மிதக்கவிட்டு, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பேன். கூடப் பிறந்தவள் என்பதற்காக அவள் வாளியை நான் சும்மா விட்டதில்லை. அதற்காக அவள் என்னைத் திட்டாத நாளும் இல்லை. அப்பாவும் அம்மாவும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் என்னை வளர்த்தவள் அவள்தான். அந்த உரிமையில், நான் இடுப்பில் துணியில்லாமல் லயத்து வரிசை வீடுகளில் ஓடித் திரிந்த காலத்திலிருந்து அன்று காலை வரைக்கும் செய்த தப்புகளையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டுத்தான் வெறும் வாளியைத் தூக்கிக்கொண்டு போவாள். வரிசையில் நின்றவர்களுக்கு அது தினமும் ஓசி நாடகம்.

யுத்தம் முடிவதற்கு முந்தைய வருடம் அது. ஒரு நாள் அவள் வாளியை நீட்டியபோது முழங்கைக்கு மேலே நீலமாக நாலு தடம் தெரிந்தது. யாரோ இறுக்கிப் பிடித்த மாதிரி இருந்தது. அடுத்த நாள் தோளில் ஒன்று, காலில் இரண்டு. கேட்டதற்கு, "மரத்துல இடிச்சுக்கிட்டேன். ஒன் வேலையப் பாரு" என்றாள். இத்தனை வருடம் அதே மரங்களுக்கு நடுவில் நடந்தவளை மரங்கள் திடீரென்று ஒன்றுகூடி இடிக்குமா? வரிசையில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கிவிட்டது. புருஷன் அடிக்கிறான்.

என் மச்சான் கன்று நாற்றுமேடையில் வேலை செய்கிற மனுஷன். கோழி அறுக்க வேண்டுமென்றால் பக்கத்து லயத்திலிருந்து ஆள் கூட்டிவருவார். இரத்தத்தைக் கண்டால் கீழே உட்கார்ந்துவிடுவார். அப்படிப்பட்டவர் கை நீட்டுவாரா என்று நான் யோசித்திருக்க வேண்டும். ஆனால் எனக்குக் கோபம் முன்னால் ஓடும், புத்தி பின்னால் நடந்து வரும். அன்று பின்னேரமே நாற்றுமேடைக்குப் போய் அவர் சட்டையைப் பிடித்தேன்.

"மச்சான், மொதல்ல சட்டைய விடு" என்றார் அவர். "நான் ஒங்கக்காவ அடிக்கிறதா? அவ கையால அடி வாங்காம நான் நாள ஓட்டுறதே பெரிய காரியம். வா, வீட்டுக்கு வந்து பாரு."

வீட்டில், கொடியில் காய்ந்த ஒரு துவாயை எடுத்துக் காட்டினார். காட்டும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது முழுக்கப் பழுப்பு நிறக் கறை. "பல்லு வெளக்குனா ஈறுலருந்து ரத்தம் வருது. நிக்கவே மாட்டேங்குது. வெளிய சொன்னா கொன்னுபோட்டுருவேன்னு சொல்லியிருக்கா. நான் சொன்னதா காட்டிக்காத."

அவர் சட்டையில் இரண்டு பொத்தான் போயிருந்தது. மன்னிப்புக் கேட்க வெட்கமாக இருந்ததால், பொத்தான்களைத் தேடுவதுபோல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோட்டத்து மருந்துக்காம்பராவில் இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தார்கள். ஒரு கிழமை, ஏழு நாளும் அதை விழுங்கினாள். பிறகு காய்ச்சல் வந்தது, விடவில்லை. நானும் மச்சானும் அவளை முச்சக்கரவண்டியில் ஏற்றி மாவட்டத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். போகிற வழியெல்லாம், பால் வெட்டுகிற நாளை வீணாக்கிவிட்டோம் என்று எங்கள் இருவருக்கும் சமமாகப் பேச்சு விழுந்தது.

வாட்டில் இருந்தது ஒரு இளம் சிங்கள டொக்டர் அம்மா. என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். எனக்குச் சிங்களம் நன்றாக வரும் என்பதால் என்னைத்தான் வெளியே கூப்பிட்டுப் பேசினார். அக்காவுக்கு இரத்தப் புற்றுநோய் என்றார். சுற்றி வளைக்காமல் சொன்னார். கெட்ட அணுக்கள் பெருகி நல்லவற்றுக்கு இடமில்லாமல் செய்துவிட்டன. இரத்தத்தை உறையவைக்கிற அணுக்கள் குறைந்துபோனதால்தான் தொட்ட இடமெல்லாம் நீலம். ஆனால் இந்த நோயில் இரண்டு பெரிய வகை இருக்கிறது. மைலாய்ட் என்று ஒன்று, லிம்ஃபாய்ட் என்று ஒன்று. மருந்து இரண்டுக்கும் வேறு வேறு. அக்காவின் அணுக்களைப் பெருக்கிக் காட்டும் கண்ணாடி வழியே பார்த்தால் எது என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அதைச் சொல்லுகிற மெஷின் கொழும்பில் இருக்கிறது. இடுப்பெலும்புக்குள் இருக்கிற மச்சையை எடுத்துத் தருகிறோம், நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும், எவ்வளவு சீக்கிரம் பதில் வருகிறதோ அவ்வளவு சீக்கிரம் மருந்து தொடங்கலாம் என்றார்.

"சுணங்கினா?" என்று கேட்டேன்.

"சுணங்கக் கூடாது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மச்சான் எனக்குப் பின்னால் நின்று பாதி புரிந்தும் புரியாமலும் கேட்டுவிட்டுச் சுவரோடு சாய்ந்தார். அக்காவிடம் "ரத்தத்துல கிருமி" என்று சொல்வதென்று இரண்டு பேரும் முடிவு செய்தோம். எங்கள் இரண்டு பேரின் மூஞ்சியையும் வைத்துக்கொண்டு அப்படியொரு பொய்யைச் சொல்லப் போனதை நினைத்தால் இப்போது சிரிப்பாக இருக்கிறது.

மச்சை எடுத்தபோது மொழிபெயர்க்க நான் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. அக்கா குப்புறப் படுத்திருந்தாள். மரத்துப்போக ஊசி போட்டும், பெரிய ஊசி எலும்பைத் துளைத்தபோது வலித்திருக்க வேண்டும். டொக்டர் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு தன் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினார். அக்காவின் வாய் திறந்தது.

"அடியே, மரத்துல காயம் படாம வெட்டத் தெரியாதவள எல்லாம் யாருடி வேலைக்கு எடுத்தது? இந்த மாதிரி ஒரு மரத்துல கத்தியப் போட்டிருந்தா கணக்கப்புள்ள ஒன்ன அன்னிக்கே வெரட்டி விட்டிருப்பாரு! எங்கிட்ட குடுடி கத்திய, நான் காட்டுறேன் எப்படி எடுக்குறதுன்னு!"

அக்கா என்ன சொல்கிறார் என்று டொக்டர் அம்மா கேட்டார். உங்களுக்குப் பெரிய புண்ணியம் கிடைக்கும் என்று வாழ்த்துகிறார் என்று சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவின் கன்னத்தைத் தடவிக்கொடுத்து, இத்தனை நல்ல மனசுள்ள நோயாளியைப் பார்த்ததில்லை என்றார். "என்னவாம்?" என்று அக்கா கேட்டாள். "நீ தைரியசாலியாம்" என்றேன். "அது எனக்குத் தெரியாதா" என்றாள்.

ஊதா மூடி போட்ட ஒரு சின்னக் குழாயில் சிவப்பாகக் கொஞ்சம் மச்சையை என் கையில் கொடுத்தார்கள், கூட ஒரு கடிதம். நேரம் மதியத்தைத் தாண்டியிருந்தது. கொழும்பில் காலையில்தான் வாங்குவார்கள், நாளை பத்து மணிக்குள் கொடுத்துவிடு என்று சொல்லி டொக்டர் அம்மா அறிவுரைகளை அடுக்கினார். ஐஸில் வைக்காதே, வெயிலில் வைக்காதே, குலுக்காதே. கடைசியாக, "மேக்க கெட்டி கெஹென்ன தென்ன எபா" என்றார். இது உறைந்துபோக விடாதே.

இதைக் கேட்டதும் எனக்குள் ஒரு தெம்பு வந்தது. அதுவரைக்கும் அந்த வாட்டில் எனக்குத் தெரிந்தது ஒன்றுமே இருக்கவில்லை. யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் உறையவிடாமல் பார்த்துக்கொள்வது என் தொழில். பன்னிரண்டு வருடமாக நான் சம்பளம் வாங்குவதே அதற்குத்தான். ஆயிரக்கணக்கான வாளிப் பாலை உறையவிடாமல் காப்பாற்றியவனிடம் வந்து இந்தச் சின்னக் குழாயைப் பற்றிச் சொல்கிறார்களே என்ற பெருமையில், அதற்குப் பிறகு டொக்டர் அம்மா சொன்ன ஒரு வரியை நான் காதில் வாங்கவில்லை. உறையாமல் வைத்திருக்கிற மருந்து குழாய்க்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் அந்த வரி.

திரும்பி வரும்போது லீவு சொல்வதற்காக ஸ்டோருக்குப் போனேன். ஆள் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே புழுக்கம் தாங்கவில்லை. பாத்திரம் கழுவுகிற இடத்தில், யாரோ மருந்து விடாமல் கொண்டுவந்த அரை வாளிப் பால் கட்டிகட்டியாகத் திரிந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பக்கென்றது. காலையில் வெட்டிய பால் இப்போதே இப்படியென்றால், அக்காவின் மச்சை நாளைக்குப் பத்து மணிவரை எப்படித் தாங்கும்?

பாலுக்கு நாங்கள் விடுவது அமோனியா. வாளியில் கொஞ்சம் விட்டால் நாள் முழுக்க உறையாது. நான் நன்றாக யோசித்தேன். கவனிக்க வேண்டும், அவசரப்படவில்லை, யோசித்தேன். ஒரு வாளிக்கு இவ்வளவென்றால் ஒரு குழாய்க்கு எவ்வளவு என்று மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டுக்கும் குறைவாகத்தான் வந்தது. சொட்டில் பாதி விட முடியாதே என்று ஒரு சொட்டு விட்டேன். மூடியை இறுக்கி, மெதுவாகத் தலைகீழாகச் சாய்த்துக் கலந்தேன். என் கை நடுங்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்.

மறுநாள் முதல் பஸ். குழாயைப் பஞ்சில் சுற்றி, சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து, மடியில் வைத்துக்கொண்டேன். அவிசாவளை தாண்டி ஒரு செக் பொயின்ட்டில் எல்லாரையும் இறக்கினார்கள். அந்த நாட்களில் அது வழக்கம்தான். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர் இருந்தால் பையைக் கொஞ்சம் கூடுதலாகக் கிண்டுவார்கள், அதுவும் வழக்கம்தான். ஒரு இளம் ஆமிக்காரன் பெட்டியைத் திறந்து குழாயைத் தூக்கிப் பிடித்தான்.

"மே மொகக்த?" என்றான். இது என்ன?

"அக்காகே எட்ட மிதுளு, மஹத்தயா" என்றேன். அக்காவின் எலும்பு மச்சை. உலகத்தில் எந்த செக் பொயின்ட்டிலும் யாரும் இப்படியொரு பதிலைச் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லும்போதே எனக்கே நம்பிக்கை வரவில்லை. கடிதத்தைக் காட்டினேன். அவன் கடிதத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு நான் தடுப்பதற்குள் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி மூக்கருகே கொண்டுபோனான். மூக்கு சுருங்கியது. தலையைப் பின்னால் இழுத்தான்.

பையில் ஏதோ இரசாயனம் கொண்டுபோகிற தமிழன். எங்கே கொண்டுபோய் எத்தனை நாள் வைத்து விசாரிப்பார்கள், அதுவரைக்கும் அக்கா என்ன ஆவாள் என்று நினைத்தேன்.

அவன் மறுபடியும் முகர்ந்தான். முகத்தில் ஒரு மாதிரிச் சிரிப்பு படர்ந்தது. இது ரப்பர் பாலுக்கு விடுகிற மருந்துதானே என்று கேட்டான். அவனுடைய அப்பாவுக்கு ருவன்வெல்லைப் பக்கம் கொஞ்சம் ரப்பர் இருக்கிறதாம், சின்ன வயதில் இவன்தான் வாளிகளுக்கு மருந்து விடுவானாம். இரத்தத்தில் இது ஏன் என்றான். உறையாமல் இருக்க நான்தான் விட்டேன் என்றேன். அவன் மற்ற ஆமிக்காரனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"அக்காகே லே வலின் ஷீட் கஹன்னத யன்னே?"

அக்காவின் இரத்தத்தில் ரப்பர் ஷீட் அடிக்கவா போகிறாய் என்று கேட்டு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்ற சனமும் சிரித்தது. நானும் சிரித்தேன், துப்பாக்கி வைத்திருப்பவன் பகிடி விட்டால் சிரிக்கத்தானே வேண்டும். ஆனால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் முதல் தடவையாக எனக்குள் ஒன்று நெருடியது. பெட்டியைத் திறந்து பார்த்தேன். நேற்றுச் சிவப்பாக இருந்தது கறுப்புத் தேத்தண்ணி நிறத்துக்கு வந்திருந்தது. சாய்த்துப் பார்த்தேன். அது ஓடவில்லை. கஞ்சியைப் போல் ஒரே திரளாக நகர்ந்தது.

கொழும்பில் அந்த ஆய்வுகூடத்தில் குழாயை வாங்கியவர் முக்காடு போட்ட ஒரு முஸ்லிம் அம்மா, நடுத்தர வயது. நல்லவேளை தமிழில் பேசினார். அல்லது கெட்டவேளை. சிங்களத்தில் திட்டு வாங்கியிருந்தால் புரியாத மாதிரியாவது நின்றிருக்கலாம்.

குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூடியைத் திறந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இதுக்குள்ள என்ன ஊத்தின நீங்க?"

சொன்னேன். முழுவதையும் சொன்னேன். வாளிக் கணக்கு, சொட்டுக் கணக்கு எல்லாம். அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, இந்த மெஷின் என்ன செய்யும் தெரியுமா? ஒவ்வொரு அணுவா வரிசையா ஓட விடும். ஒவ்வொண்டு மேலயும் ஒரு வெளிச்சம் படும். அணுவுக்கு மேல அதது கூட்டத்துக்குன்னு அடையாளம் இருக்கு. அந்த அடையாளத்துல போய் ஒட்டிக்கிற மாதிரி நாங்க நிற மருந்து போட்டிருப்போம். ஒட்டினது வெளிச்சத்துல மின்னும். எது எந்தக் கூட்டம்னு மெஷின் எண்ணிச் சொல்லிடும்."

"பெரட்டு மாதிரி" என்றேன். காலையில் வேலைக்கு முன்னால் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டுப் பிரித்து அனுப்புவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

"அதேதான். பெரட்டுக்கு ஆள் உசிரோட வரோணும், இல்லையா? நீங்க ஒரு ஆள் மிச்சமில்லாம எல்லாத்தையும் கரைச்சுட்டீங்க. யாருட பேர நான் கூப்பிடுறது?"

என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாரோ என்னவோ, குரலைத் தாழ்த்தினார். "நாங்களும் சிவப்பு அணுவக் கரைக்கிறதுக்கு அமோனியா சேர்ந்த உப்பு ஒண்டு போடுறதுதான். ஆனா அது வேற. அத நாங்க அளந்து போடுவோம்."

மூழ்குகிறவன் எதையும் பிடிப்பான். "அப்ப பாதி வேலை முடிஞ்ச மாதிரித்தானேங்க?" என்று கேட்டேன்.

அவர் பார்த்த பார்வையை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். போனை எடுத்து வாட்டுக்குப் பேசினார். அமோனியா என்ற சொல் மட்டும் மூன்று தடவை காதில் விழுந்தது. போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நாளைக்குப் புதுசா கொண்டு வாங்க" என்றார். "கொண்டு வாறது மட்டும்தான் உங்கட வேல."

நோயாளிகளைப் பார்க்க விடுகிற நேரத்துக்கு வாட்டுக்குத் திரும்பினேன். டொக்டர் அம்மா வாசலிலேயே நின்றார். திட்டுவார் என்று குனிந்து நின்றேன். அவர் திட்டவில்லை. மறுபடி ஊசி போட வேண்டும், ஏனென்று அக்காவுக்குச் சொல்ல வேண்டும், "ஒயாம கியன்ன" என்றார். நீயே சொல்லு.

உள்ளே அக்கா மூக்கில் பஞ்சு அடைத்துப் படுத்திருந்தாள். காலையிலிருந்து மூக்கால் இரத்தம் வந்ததாம். பக்கத்தில் மச்சான் அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அவள் கையைப் பிடித்திருந்தார். ஒரு நாளுக்குள் அவள் இப்படி வெளுத்துப்போயிருந்ததைப் பார்த்ததும், வரும் வழியில் தயார் செய்திருந்த நாலு பொய்யும் என் வாயிலிருந்து ஓடிப்போய்விட்டன. நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

என் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஒரு தப்பைச் செய்தும் அக்கா ஒன்றும் பேசவில்லை. திட்டக்கூடத் தெம்பில்லையா என்று நினைத்தேன். மச்சான் மெதுவாக எழுந்து என் பக்கம் வந்தார். அடிக்கட்டும் என்று நின்றேன். எனக்கு அது தேவையாகவும் இருந்தது. அவர் என் சட்டைக் கொலரைப் பிடித்தார், பிறகு அதைச் சரிசெய்துவிட்டுப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

"கிருமின்னீங்களே ரெண்டு பேரும்" என்றாள் அக்கா. பஞ்சு அடைத்த மூக்கால் குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "கிருமி பாக்க கொழும்பு வரைக்கும் எதுக்குடா? பக்கத்துக் கட்டில்காரி வந்த அன்னிக்கே சொல்லிட்டா, இது கேன்சர் வாட்டுன்னு. எனக்குச் சிங்களம் தெரியாதுன்னு நெனச்சியா? அந்தப் பொம்பளப் புள்ள வாசல்ல நின்னு சுணங்கக் கூடாதுன்னு சொன்னதும் கேட்டுச்சு."

அப்படியென்றால் நான் செய்த மொழிபெயர்ப்பெல்லாம் அவளுக்குப் புரிந்திருக்கிறது. அதைப் பற்றி யோசிக்க எனக்கு அப்போது நேரமில்லை.

"கூப்பிடு அவள. அந்தப் பக்கத்து இடுப்பு இன்னும் சும்மாதானே கெடக்கு."

அடுத்த நாள் விடியற்காலையிலேயே மச்சையை எடுத்தார்கள். அக்கா இந்த முறை வாயைத் திறக்கவில்லை. டொக்டர் அம்மா என்னைப் பார்த்தார், இன்றைக்கு வாழ்த்து இல்லையா என்பது போல. குழாய் தயாரானதும் ஒரு சின்னப் பிரச்சினை எழுந்தது. என் கையில் கொடுக்க யாருக்கும் மனமில்லை. டொக்டர் அம்மா தயங்கினார். நேர்ஸ், வேறு யாரும் இல்லையா என்று கேட்டார். மச்சான், தானே கொண்டுபோவதாகச் சொல்லிக் கையை நீட்டி, குழாயைக் கண்டதும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அவன்கிட்ட குடுங்க" என்றாள் அக்கா, சுத்தமான சிங்களத்தில். "இனி ஜென்மத்துக்கும் இதுக்குள்ள ஒண்ணும் ஊத்தாத ஆளு இந்த ஊர்லயே அவன் ஒருத்தன்தான்."

அப்படியும் நம்பிக்கை வராமல் மச்சானும் என்னோடு வந்தார். குழாயைப் பார்க்காமல் இருப்பதற்காக மச்சான் அதை மூன்று லேஞ்சிக் கைக்குட்டைகளில் சுற்றித் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். வழி முழுக்க என்னைத் தொட விடவில்லை. நான் சும்மா இருமினாலும் நெஞ்சைப் பொத்திக்கொண்டார். செக் பொயின்ட்டில் அதே ஆமிக்காரன் நின்றான். "அத மொனவத தெம்மே?" என்றான். இன்றைக்கு என்ன ஊற்றினாய்? ஒன்றுமில்லை என்றேன். மச்சான் லேஞ்சிகளை அவிழ்க்கத் தொடங்க, வேண்டாம் என்று கையைக் காட்டி, அக்காவுக்குச் சுகமாகட்டும் என்று சொல்லி எங்களை எல்லாருக்கும் முன்னால் பஸ்ஸில் ஏற்றிவிட்டான்.

ஆய்வுகூடத்து அம்மா குழாயைத் திறந்து முதலில் முகர்ந்துதான் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஓ.எல். பரீட்சை பாஸான அன்றுகூட நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. பின்னேரம் வரை இருந்தோம். கடைசியில் ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார். புள்ளி புள்ளியாக, கொசுக்கூட்டம் மாதிரி. ஒரு இடத்தில் அடர்த்தியாக இருந்த புள்ளிகளைத் தொட்டு, "இதுதான் கெட்டதுகள். மைலாய்ட் கூட்டம். சந்தேகமே இல்ல. வாட்டுக்குச் சொல்லிட்டேன், இண்டைக்கே மருந்து தொடங்குவாங்க" என்றார். மச்சான் அந்தத் தாளைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். அது இரத்தம் இல்லை, வெறும் புள்ளி என்பதால் அவரால் பார்க்க முடிந்தது. "இவ்வளவையும் வச்சுக்கிட்டா அவ பால் வெட்டப் போனா?" என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே அழுதோம்.

திரும்பி வந்தபோது மருந்து ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் அன்று நாங்கள் பஸ்ஸில் இருந்த நேரத்தில் அக்காவின் இடது கண்ணுக்குள் இரத்தம் கசிந்திருந்தது. அந்தக் கண்ணில் பார்வை பிறகு திரும்பவே இல்லை. ஒரு நாள் முந்தி மருந்து தொடங்கியிருந்தால் இது வந்திருக்காதா என்று டொக்டர் அம்மாவைக் கேட்டேன். அப்படியும் வந்திருக்கலாம் என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

பிறகு கொழும்பு ஆஸ்பத்திரிக்கு மாற்றி மாதக்கணக்காக மருந்து. முடியெல்லாம் கொட்டியது. வாயெல்லாம் புண். இரண்டு தடவை அவ்வளவுதான் என்று நினைத்தோம். ஒவ்வொரு தடவையும், கொஞ்சம் தெம்பு வந்ததும் முதல் வேலையாக என்னைத் திட்டினாள். நான் கொண்டுவந்த சோறு குழைந்திருக்கிறது, நான் போட்ட சட்டையை நாயும் சீந்தாது, இந்த வயதுக்கும் கல்யாணம் கட்டாமல் இருக்கிறேன். அமோனியாவைப் பற்றி மட்டும் ஒரு சொல் வரவில்லை. நான் காத்திருந்தேன். ஒரு நாள் வரும், வந்தால் தாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். வரவில்லை.

யுத்தம் முடிந்த வருடம் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கடைசிச் சோதனையில் அந்தப் புள்ளிக் கூட்டம் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். லயத்துப் பெண்கள் பார்க்க வந்து வாசல் நிறைய உட்கார்ந்தார்கள். தலையில் அரும்பிய முடியைத் தடவிப் பார்த்தார்கள். நான் சுவரோரமாக நின்றிருந்தேன். அவளோடு பால் வெட்டிய ஒருத்தி, கண்ணுக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள்.

"கொழும்புல ஒரு மெஷின் இருக்கு. அதுலதான் பாக்கணும். அது கொஞ்சம் பழுதாயிருச்சு. மருந்து தொடங்க ஒரு நாளு சுணங்கிப்போச்சு" என்றாள் அக்கா.

மச்சான் தரையைப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "மெஷின் இல்ல, நான்தான்..." என்று தொடங்கினேன். "நீ வாயப் பொத்திக்கிட்டு நில்லு, பெரியவங்க பேசுற எடத்துல" என்று அக்கா வெட்டினாள். எனக்கு அப்போது முப்பது வயது.

"அந்த மெஷின ஒடைச்சுத் தூக்கி ஆத்துல போடணும்" என்றாள் கேட்டவள், கோபமாக. "ஒரு கண்ணையில்ல எடுத்துருச்சு."

அக்கா தன் நல்ல கண்ணால் என்னைப் பார்த்தாள்.

"ஏன்டி அதப் போயி திட்டுற? பாவம். நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சுச்சு."